கிச்சன் கல்மேடை: நாமே போடலாமா, ஆளை வைத்துப் போடலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சிங்க், அடுப்பு இரண்டுக்கும் துளை போட்ட மூன்று மீட்டர் குவார்ட்ஸ் (கல்தூளும் பிசினும் சேர்த்துச் செய்த செயற்கைக் கல்) மேடையை சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நாமே வெட்டிப் பொருத்துவது வேண்டாத வேலை. மிச்சமாவது கூலி மட்டும். சறுக்கினால் போவது ஒரு முழு ஸ்லாப் (கல் பலகை). ஆனால் கல்மேடை வேலை என்றால் கல்லைத் தூக்கி வைப்பதோடு முடிந்துவிடாது. பழைய மேடையைக் கழற்றுவது, கேபினெட்டை மட்டம் பார்ப்பது, குழாய்த் துளை, சிலிக்கான், சீலர் (கல்லில் கறை ஊறாமல் தடுக்கும் பூச்சு) என்று அதற்குள் பல வேலைகள் உண்டு. அவற்றில் பாதியை வீட்டுக்காரரே தாராளமாகச் செய்யலாம். அடுத்த வீட்டு வேலைக்கு ஓடும் அவசரத்தில் இருக்கும் ஆளைவிடச் சில வேலைகளை நன்றாகவே செய்யலாம்.

இங்கே மூன்று வழி உண்டு. ஒன்று, சுங்கை காடுட் போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள கல் பட்டறைக்கு நாமே அளவு கொடுத்து, வெட்டி வாங்கி, வீட்டில் பொருத்துவது. இரண்டு, அதே பட்டறையை நேரடியாக அழைத்து, அளவெடுப்பதையும் பொருத்துவதையும் அவர்களிடமே விடுவது. மூன்று, கேபினெட்டோடு சேர்த்து ரெனவேஷன் கான்ட்ராக்டர் தரும் பேக்கேஜ்.

மூன்றுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அளவு யாருடையது என்று பாருங்கள். அளவெடுத்தவர் தலையில்தான் பிழை விடியும். நீங்கள் எழுதிக் கொடுத்த அளவுக்குப் பட்டறை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டித் தந்து, அது சுவரில் இடித்தால், அடுத்த ஸ்லாப்பின் பணம் உங்களுடையது. அவர்கள் அளவெடுத்து இடித்தால் அவர்களுடையது. ஆளை வைப்பதில் நாம் உண்மையில் வாங்குவது இந்தப் பொறுப்பைத்தான். கல்லைத் தூக்கும் கூலி அதில் சின்னப் பங்கு. மூன்றாவது வழியில் இதுதான் குழப்பம்: கார்பெண்டர் கேபினெட்டைக் கோணலாக வைத்திருப்பார், கல் ஆள் கார்பெண்டரைக் கை காட்டுவார், கார்பெண்டர் கல் ஆளைக் கை காட்டுவார். பேக்கேஜ் எடுத்தால் இரண்டுக்கும் பொறுப்பு கான்ட்ராக்டர்தான் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

கனமும் லிஃப்டும்

இங்கே அதிகம் போடப்படுவது 15 மி.மீ. குவார்ட்ஸ். அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 36 கிலோ. 600 மி.மீ. ஆழத்தில் மூன்று மீட்டர் என்றால் 65 கிலோ. 20 மி.மீ. கிரானைட்டில் அதே அளவு 97 கிலோ ஆகும். 12 மி.மீ. சின்டர்டு ஸ்டோன் (கடும் சூட்டில் சுட்டு இறுக்கிய செயற்கைக் கல்) 53 கிலோ. எண்ணைப் பார்த்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம் போலத் தெரியும். சிக்கல் கனத்தில் இல்லை, துளையில். சிங்க் துளை போட்டதும் முன்னும் பின்னும் மிஞ்சுவது 50 முதல் 80 மி.மீ. பட்டை. கல்லைப் படுக்கை வாட்டில் தூக்கினால் அந்தப் பட்டை நடுவில் முறியும். எப்போதும் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். துளையின் குறுக்கே நேரான மரச்சட்டம் ஒன்றை கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே நகர்த்த வேண்டும். நல்ல பட்டறைகள் அடுப்புத் துளையையே வீட்டுக்கு வந்த பிறகுதான் முடிப்பார்கள், அல்லது வெட்டும் துண்டை நான்கு மூலையிலும் கொஞ்சம் ஒட்டியபடி விட்டு வைத்து, மேடையில் கிடத்திய பின் அறுத்து எடுப்பார்கள்.

அடுத்தது லிஃப்ட். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். கதவின் உயரம், லிஃப்டின் உள் ஆழம் இரண்டையும் குறியுங்கள். கதவு 2.1 மீட்டர், ஆழம் 1.4 மீட்டர் என்றால் மூலைவிட்டம் 2.52 மீட்டர். கை வைக்க இடம் விட்டால் 2.4 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அதைவிட நீளமான துண்டு படிக்கட்டு வழியாகத்தான் ஏற வேண்டும். படிக்கட்டுத் திருப்பத்தில் அது திரும்புமா என்பது தனிக் கேள்வி. பட்டறைக்காரர்கள் படி ஏற்றுவதற்கு மாடிக் கணக்கில் தனிக் கூலி கேட்பது வழக்கம். அது கொட்டேஷனில் இல்லாவிட்டால் வாசலில் வந்து கேட்பார்கள். கூலியும் வேண்டாம் படியும் வேண்டாம் என்றால் ஜாயின்ட் ஒன்று கூடும். 'ஜாயின்ட் இல்லாம போட்டுத் தர்றேன்' என்று கடையில் சொல்பவர் உங்கள் புளோக்கின் லிஃப்டைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கொண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) இந்தத் தலைவலி வேறு மாதிரி: சர்வீஸ் லிஃப்ட் பதிவு, ரெனவேஷன் டெபாசிட், லிஃப்டுக்குள் திரை. நிர்வாக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டால் போதும்.

அளவு: நாமே எடுக்கக் கூடாதது, நாமே சரிபார்க்க வேண்டியது

கேபினெட் சுவரோடு இறுகி, சிங்க், ஹாப் (மேடையில் பதிக்கும் அடுப்பு), குழாய் மூன்றும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கல்லுக்கு அளவெடுக்க வேண்டும். 'மாடல் நம்பர் சொல்லுங்க, போதும்' என்பதை ஏற்காதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு ஹாப்களுக்கே கட்-அவுட் அளவு மாறும். துளை 5 மி.மீ. பெரிதாகிவிட்டால் ஹாப்பின் விளிம்பு அதை மூடாமல் போகலாம். துண்டுக் கல்லை ஒட்டித் துளையைச் சிறிதாக்க வழியும் கிடையாது.

சுவர் நேராக இருக்கும் என்று நம்பவே வேண்டாம். வீவக புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டிலும் மூலை 90 பாகைக்குச் சரியாக நிற்காது. சரிபார்க்க எளிய வழி: மூலையிலிருந்து ஒரு சுவரில் 600 மி.மீ., மறு சுவரில் 800 மி.மீ. குறித்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளந்தால் 1000 வர வேண்டும். 1005 வந்தால் மூலை விரிந்திருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். எல் வடிவ மேடையில் 1.8 மீட்டர் நீளும் கையின் முனையில் அது 19 மி.மீ. விலகலாக வந்து நிற்கும். எந்த சிலிக்கானும் அதை மூடாது. இதனால்தான் டேப்பால் மட்டும் அளவெடுத்துப் போகும் ஆளை நம்பக் கூடாது. மெல்லிய பிளைவுட் பட்டைகளைச் சுவரோடு ஒட்ட வைத்து, குளூ கன்னால் இணைத்து அச்சு எடுக்க வேண்டும். அல்லது லேசர் கருவி வேண்டும். நேரான ஒற்றைக் கை மேடைக்கு டேப் போதும். அதிலும் ஆழத்தை இரு முனையிலும் நடுவிலும் தனித்தனியாக அளக்க வேண்டும், சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கலாம்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது கேபினெட்டின் மட்டம். இரண்டு மீட்டர் அலுமினியப் பட்டியைக் கேபினெட் மேல் வைத்து, அதன் மேல் ரசமட்டம் வையுங்கள். மூன்று மீட்டரில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் கல் போடும் நாளுக்கு முன்பே கார்பெண்டரை வரவழைத்துச் சரி செய்ய வேண்டும். கல் வளையாது. கீழே இடைவெளி இருந்தால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் யாரோ மேடை மேல் ஏறி மேல் அலமாரியைத் துடைக்கும்போது தெரியும். பிளாஸ்டிக் ஆப்பு வைத்து நிரவலாம். ஆனால் ஒரு முனையில் மட்டும் பத்து ஆப்பு அடுக்க வேண்டியிருந்தால் அது ஆப்பால் தீரும் பிரச்சினை இல்லை.

சலவை இயந்திரத்துக்கோ பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கோ மேடைக்கு அடியில் விடும் இடமும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டியது. 600 மி.மீ.க்கு மேல் அடியில் தாங்கல் இல்லாமல் 15 மி.மீ. கல் போகக் கூடாது. பின்சுவரில் ஒரு சட்டம், முன்னால் ஒரு இரும்புப் பட்டி கொடுக்க வேண்டும். அலமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பகுதி 20 மி.மீ. கல்லில் 200 மி.மீ. தாண்டினால் பிராக்கெட் தேவை.

வெட்டுவதுதான் வினை

வீட்டில் கல் வெட்டுவதை நாங்கள் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் தூசி. குவார்ட்ஸ் ஸ்லாப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம், மிச்சம் ரெசின் என்ற பிசின். உலர்ந்த நிலையில் ஆங்கிள் கிரைண்டர் வைத்தால் எழும் தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. சிலிக்கோசிஸ் என்ற நோய்க்கு இதுதான் மூலம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்ததற்குக் காரணம், அதை வெட்டிய தொழிலாளர்களுக்கு வந்த இந்த நோய்தான். இங்கே தடை இல்லை. பொருத்தி முடித்த மேடையால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தும் இல்லை, வெட்டும்போதுதான் ஆபத்து. கிரானைட்டில் சிலிக்கா இதைவிடக் குறைவு, ஆனாலும் மூக்கை மூடாமல் அறுக்கும் அளவுக்குக் குறைவு இல்லை. மருந்துக் கடையில் வாங்கும் சர்ஜிகல் மாஸ்க் எதற்கும் உதவாது.

வீட்டுக்குள் தண்ணீர் விட்டு வெட்டினால் சேறு. ஜன்னல் பக்கம் வைத்து வெட்டினால் மேல் வீட்டுத் துணியெல்லாம் வெள்ளை. காரிடாரில் வெட்டினால் அண்டை வீட்டார் நகர மன்றத்தைக் கூப்பிடுவார்கள், கூப்பிடவும் வேண்டும்.

இரண்டாவது காரணம் நேரம். ஓடு வெட்டுவது, உடைப்பது போன்ற சத்தமான வேலைக்கு வீவக வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 மணி வரைதான் இடம் தருகிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. நாமே செய்யலாம் என்று நினைப்பவர்களுக்குக் கிடைப்பதோ சனி ஞாயிறுதான். லீவு போட்டுக் கல் வெட்டினால் மிச்சம் பிடித்த கூலி அந்த லீவிலேயே போய்விடும்.

மூன்றாவது, கருவி. வெட்டிய விளிம்பு பளபளப்பாக வர 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று வரிசையாக டைமண்ட் பேட் மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கோடு நிற்கும். அழுத்தித் தேய்த்தால் குவார்ட்ஸின் ரெசின் சூடாகி மங்கல் திட்டு விழும், அது போகாது. தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒன்றாக இருக்கும் வேலை என்பதையும் மறக்க வேண்டாம். தடிமனாகத் தெரிவதற்காக 45 பாகையில் அறுத்து ஒட்டும் 40 மி.மீ. விளிம்பை வீட்டில் முயலவே வேண்டாம்.

ஆள் வெட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: துளையின் மூலை. நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை நேராக அறுக்க வேண்டும். மூலை குறைந்தது 5 மி.மீ. ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும். பிளேடை மூலைவரை ஓட்டி, ஒன்றையொன்று தாண்டி வெட்டிய கோடுகள் நிற்கும் கூர்மூலைதான் பின்னால் விரிசல் புறப்படும் இடம். ஹாப்பின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் முடி போன்ற கோட்டைப் பார்த்தால், பத்துக்கு எட்டு முறை ஹாப்பைத் தூக்கிப் பார்த்தால் காரணம் அங்கேயே தெரியும். வெட்டிய துண்டு கீழே விழாமல் ஒருவர் அடியில் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் கடைசி 30 மி.மீ. அறுபடாமல் பிய்ந்து வரும். சின்டர்டு ஸ்டோனில் இன்னொரு சங்கதி: உள்ளே இறுக்கம் இருப்பதால் முதலில் நான்கு ஓரத்தையும் மெல்லிய பட்டையாகச் சீவி எடுத்துவிட்டுத்தான் துளைக்குப் போக வேண்டும். அதைத் தெரியாதவர் கையில் ஸ்லாப் நடு அறுப்பில் தானே வெடிக்கும். பொருள் பிரமாதம், ஆனால் குவார்ட்ஸ் மட்டுமே வெட்டிப் பழகிய பட்டறையில் சின்டர்டு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பொருத்தும் நாள்

கல்லைக் கேபினெட் மேல் ஒருமுறை ஒட்டாமல் வைத்துப் பார்ப்பார்கள். சுவரோடு 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கமாகத் தள்ளி வைத்திருந்தால் திருப்பி வெட்டச் சொல்லுங்கள். பிறகு தூக்கி, கேபினெட் விளிம்பில் 200, 300 மி.மீ.க்கு ஒரு பொட்டு சிலிக்கான் வைத்துக் கிடத்துவார்கள். தொடர்ச்சியாகக் கோடு இழுத்து ஒட்டினால் பின்னால் கழற்ற வேண்டிய நாளில் கேபினெட்டும் சேர்ந்து வரும்.

சிலிக்கானில் நியூட்ரல் கியூர் (காயும்போது அமிலம் விடாத வகை)தான் வேண்டும். ஊறுகாய் வாடை அடிக்கும் அசிட்டிக் வகை மார்பிளை அரிக்கும். வெளிர் நிற கிரானைட்டுக்குக் கறை படுத்தாத கல் சிலிக்கான் என்றே கேட்டு வாங்க வேண்டும். சாதாரண சிலிக்கானின் எண்ணெய் கல்லுக்குள் ஊறி, விளிம்பு நெடுக ஈரம் காயாதது போல ஒரு கரும்பட்டை நிற்கும். ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும், டியூபைத் திருப்பிப் படித்து எடுங்கள்.

ஜாயின்ட் எங்கே வரும் என்பதை அளவெடுக்கும் நாளிலேயே பேசி முடிக்க வேண்டும். அடியில் கேபினெட்டின் நடுச்சுவர் இருக்கும் இடத்தில் வரலாம். சிங்க் துளையிலும் ஹாப் துளையிலும் வரக் கூடாது. ஜாயின்ட் குறைக்கிறோம் என்று துளையின் நடுவில் கொண்டுவந்து ஒளிப்பவர்கள் இருக்கிறார்கள், தண்ணீரும் சூடும் படும் இடம் அதுதான். ஒட்டும் பசையைக் கல்லின் நிறத்துக்குச் சாயம் கலந்து எடுப்பார்கள். பாலியெஸ்டர் பசைக்கு ஹார்ட்னர் 2, 3 சதவீதம் போதும். நம் ஊர் வெக்கையில் ஐந்தாறு நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும் என்பதால் அதிகம் கலந்தால் தடவி முடிப்பதற்குள் கட்டியாகிவிடும். இரு பக்கமும் மாஸ்கிங் டேப், அசிட்டோனால் துடைத்த முகம், சக்ஷன் கப் வைத்து இழுத்து இறுக்குவது, எல்லாம் சரியாக இருந்தால் ஜாயின்ட் கோடு ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் உயரம் சேரவில்லை. பசை இறுகுவதற்கு முன் சொன்னால்தான் திருத்த முடியும்.

அண்டர்மவுண்ட் சிங்க்கை (கல்லுக்கு அடியில் பொருத்தும் சிங்க்கை) வெறும் பசையில் தொங்கவிடுவதுதான் இங்கே அடிக்கடி காணும் குறை. 700க்கு 400 மி.மீ., ஆழம் 220 மி.மீ. தொட்டியில் நிரம்பத் தண்ணீர் விட்டால் 60 கிலோவைத் தாண்டும். அதில் குக்கரும் இட்லிப் பானையும் ஊறப்போட்டால் இன்னும் கூடும். பசை ஒரு நாள் விடும், சிங்க் கீழே இறங்கும், இடுக்கில் தண்ணீர் புகுந்து கேபினெட் ஊறும். கேபினெட்டின் இரு பக்கச் சுவரிலும் தாங்கும்படி சட்டமோ உலோகப் பிராக்கெட்டோ கட்டாயம் வேண்டும். கைபேசி வெளிச்சத்தை சிங்க்குக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பசை மட்டும் தெரிந்தால் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

நாமே செய்யக்கூடியவை

பழைய மேடை லேமினேட்டாகவோ கல்லாகவோ கேபினெட் மேல் ஒட்டியிருந்தால், சிலிக்கானைக் கத்தியால் அறுத்து, அகலமான பட்டியால் நெம்பிக் கழற்றலாம். பழைய வீடுகளில் இருக்கும் ஓடு பதித்த கான்கிரீட் மேடை வேறு கதை. அதை உடைப்பதற்கு வீவகவில் பதிவுபெற்ற கான்ட்ராக்டரும் அனுமதியும் வேண்டும். உடைக்காமல் அதன் மேலேயே கல் போட்டுவிடுவதும் உண்டு, 15 மி.மீ. உயரும், ஜன்னல் விளிம்பும் பிளக் பாயின்டும் இடிக்கவில்லை என்றால் நல்ல தீர்வு. கழற்றிய கல்லைக் குப்பை மேட்டில் போட்டுவிட்டு வரக் கூடாது. ரெனவேஷன் குப்பையை நகர மன்றத்தின் பெரும்பொருள் சேவை எடுக்காது. பட்டறையிடமே அகற்றச் சொல்லுங்கள்.

எரிவாயு ஹாப்பைக் கழற்றி மாட்ட உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்தான் வர வேண்டும், இதில் பேரமே கிடையாது. இருக்கும் குழாயை மாற்றுவது போன்ற சின்ன வேலையை நாமே செய்யலாம். குழாயின் இடத்தையே மாற்றுவதென்றால் உரிமம் பெற்ற பிளம்பர்.

குழாய்த் துளை, வடிகட்டிக் குழாய்க்கான 12 மி.மீ. துளை போன்றவற்றைத் துணிந்து போடலாம். 35 மி.மீ. டைமண்ட் கோர் பிட் (வட்டமாகக் குடையும் பிட்), சாதாரண டிரில், ஹேமர் அணைத்து. துளை வரும் இடத்தைச் சுற்றிக் களிமண் போலப் புட்டியால் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பிட்டைச் சாய்த்துப் பிடித்துத் தொடங்கி, பிறை போல ஒரு தடம் விழுந்ததும் நிமிர்த்துங்கள். நேராகத் தொடங்கினால் வழுக்கிக்கொண்டு ஓடிக் கல்லைக் கீறும். அடியில் ஒரு மரத்துண்டை இறுக்கி வைத்தால் துளை முடியும் இடத்தில் கல் பெயராது. வேகம் குறைவாக, அழுத்தமும் குறைவாக. ஈரத்தில் துளையிட்டால் தூசியும் எழாது. நேரத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் மேலே சொன்ன விதிதான்.

கிரானைட்டுக்கு சீலர் பூசுவது முழுக்க வீட்டுக்காரர் வேலை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கல் கறுத்தால் சீலர் வேண்டும். பூசிவிட்டு, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், காயவிட்டால் பிசுக்காக நிற்கும். குவார்ட்ஸுக்கும் சின்டர்டுக்கும் சீலர் தேவையில்லை. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

1.2 மீட்டருக்குள், துளை எதுவும் இல்லாத காபி மூலை, பூஜை அலமாரி, ஷூ ரேக் மேல்பலகை போன்றவற்றுக்கு முதல் வழி மிகப் பொருத்தம். பட்டறைகளில் மிஞ்சிய துண்டு குறைந்த விலைக்குக் கிடைக்கும். அளவு சொல்லி விளிம்பு தேய்த்து வாங்கி, சிலிக்கான் பொட்டு வைத்து இருவர் கிடத்திவிடலாம். அதற்கு ஆளை வைப்பதுதான் வீண்.

கொட்டேஷன் படிப்பது

விலை ஃபுட் ரன், அதாவது மேடையின் நீளத்தை அடியில் எண்ணும் கணக்கில் வரும். இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம். எல் வடிவத்தில் ஒரு கை 3 மீட்டர், மறு கை 1.8 மீட்டர் என்றால் மூலையை ஒருமுறை மட்டும் எண்ணினால் 4.2 மீட்டர், அதாவது 13.8 அடி. இரண்டு கையையும் சுவர் முதல் சுவர் வரை எண்ணினால் 15.7 அடி. அடிக்கு 100 வெள்ளி என்று வைத்தால் ஏறக்குறைய 200 வெள்ளி அந்த மூலைக்குள் ஒளிந்திருக்கிறது. அடி விலை மலிவாகச் சொல்பவர் எப்படி எண்ணுகிறார் என்று முதலில் கேளுங்கள். அந்த விலை எவ்வளவு ஆழம் வரை என்பதையும் கேட்க வேண்டும். வழக்கமாக இரண்டு அடி. சிங்க் கட்-அவுட், அதன் உள்விளிம்பைத் தேய்ப்பது, ஹாப் கட்-அவுட், குழாய்த் துளை, சுவரோரப் பட்டி, பழையதைக் கழற்றி அகற்றுவது, படிக் கூலி, குறைந்தபட்ச அடி, 9 சதவீத ஜிஎஸ்டி: இவையெல்லாம் உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் போட்டால் மலிவான கொட்டேஷன் பல நேரம் மலிவாக இருக்காது.

வாரண்டி என்று அட்டையில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் ஸ்லாப்பின் உற்பத்திக் குறைக்குத்தான். பொருத்தியதில் வரும் விரிசலுக்குப் பட்டறை எத்தனை மாதம் பொறுப்பு என்று தனியாக எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்ட வேண்டாம். தகராறு முற்றினால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே பேசுவது எழுத்தும் படமும்தான்.

நம் சமையலுக்கு எந்தக் கல்

ரசமும் புளியும் எலுமிச்சையும் புழங்கும் வீட்டில் மார்பிள் வேண்டாம், அமிலம் பட்ட இடம் மங்கிவிடும். குவார்ட்ஸுக்கு மஞ்சள் கறை பெரிய பகை இல்லை, உடனே துடைத்தால் போகும். அதன் பகை சூடு. 150 பாகை செல்சியஸைத் தாண்டினால் ரெசின் தாங்காது. தாளித்த வாணலியை அப்படியே இறக்கி வைத்தால் வெளிறிய வளையம் ஒன்று நிற்கும். அதைத் தேய்த்தும் எடுக்க முடியாது, வாரண்டியிலும் வராது. வெயில் நேராக விழும் சர்வீஸ் யார்டிலும் குவார்ட்ஸ் போட வேண்டாம், நாள்பட்டால் மஞ்சளிக்கும்.

கிரானைட் சூட்டைத் தாங்கும், சீலரை மட்டும் மறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வடிவமும் நிறமும் இன்று பலருக்குப் பிடிப்பதில்லை. சமையல் அதிகம் நடக்கும் வீட்டுக்கு எங்கள் ஓட்டு இன்னும் கிரானைட்டுக்கே. சின்டர்டு சூடு, கறை, வெயில் மூன்றையும் தாங்கும், ஆனால் 12 மி.மீ. விளிம்பில் இரும்புக் கரண்டி பட்டால் சில்லு பெயரும். இஞ்சி பூண்டு இடிக்கும் கல் உரலை எந்தக் கல்லிலும் சிங்க்கை ஒட்டிய பட்டை மேல் வைத்து இடிக்காதீர்கள். கேபினெட்டின் நடுச்சுவருக்கு நேர் மேலே, மடித்த துணி போட்டு வையுங்கள். தேங்காய்த் துருவியை கிளாம்ப் போட்டு இறுக்குபவர்கள் கல்லுக்கும் திருகுக்கும் நடுவில் ரப்பர் துண்டு வைக்க வேண்டும். விளிம்பை 2, 3 மி.மீ. உருட்டச் சொன்னால் இந்தச் சில்லுகளில் பெரும்பாலானவை வராது; இதற்குப் பட்டறைகள் தனிக் காசு கேட்பதில்லை, ஆனால் கேட்காமல் செய்வதும் இல்லை.

எங்கள் மதிப்பீட்டில் இரண்டாவது வழிதான் முதலிடம்: பட்டறையை நேரடியாக அழைத்து, அளவெடுப்பது, வெட்டுவது, கிடத்துவது மூன்றையும் அவர்களிடம் விட்டு, மட்டம், சீலர், குழாய்த் துளை ஆகியவற்றை நாம் பார்த்துக்கொள்வது. அளவெடுத்ததிலிருந்து கல் வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அதுவரை பழைய சிங்க்கைக் கழற்ற விடாதீர்கள். பொருத்திய அன்று ஆள் கிளம்பும் முன், குறைந்த வெளிச்சத்தில் டார்ச்சைக் கல்லோடு படுக்க வைத்து அடித்துப் பார்த்தால் மங்கல் திட்டும் கீறலும் தெரியும். சிலிக்கான் காய 24 மணி நேரம் விட வேண்டும். மறுநாள் சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரு மணி நேரம் வைத்து, அடியில் உலர்ந்த டிஷ்யூவால் விளிம்பைச் சுற்றித் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள், மிச்சப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள்.